விலையில் பெயின்ட் எவ்வளவு, இரும்பு எவ்வளவு?

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய லேண்ட் ரோவர், ஜீப் பற்றியவை. ஆகவே மற்ற வாகனக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு முழுப் பக்கத்தையும் இவற்றுக்கே கொடுக்கிறேன். முதல் கேள்விக்குத்தான் நீண்ட பதில். மற்றவர்களும் அதை வாசித்தால் உங்கள் சந்தேகத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: அண்ணா, நுகேகொடையில் ஒருவரிடம் 1960களின் லேண்ட் ரோவர் சீரீஸ் 2ஏ விற்பனைக்கு இருக்கிறது. முன் பின் சில்லுகளுக்கு இடையே 88 அங்குலம் உள்ள கட்டையான வண்டி, பெற்றோல், ஸ்ரீ எழுத்துள்ள பழைய நம்பர். நட்டு போல்ட் வரை கழற்றி முழுசாகச் செய்தது என்கிறார். பச்சைப் பெயின்ட் மினுங்குகிறது, சீட் எல்லாம் புதிது. அவர் கேட்கிற காசுக்கு நல்ல ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கிவிடலாம் என்று வீட்டில் சண்டை. இந்த விலைக்கு வண்டி தகுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, பெயின்ட்டை முதலில் மறந்துவிடுங்கள். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக வெளிவந்தபோது போர் முடிந்த பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் வெளித் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள், அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. அலுமினியம் இரும்பு மாதிரித் துருப்பிடித்து உதிராது, ஆகவே எவ்வளவு சீரழிந்த லேண்ட் ரோவரையும் டிங்கர் வேலை தெரிந்த ஒருவர் தட்டி நிமிர்த்தி, பட்டி என்ற பள்ளம் நிரப்பும் பசை பூசி, பெயின்ட் அடித்து அழகாக நிறுத்திவிடலாம். அழிகிற பகுதி கீழே இருக்கிறது. வண்டி முழுவதையும் தாங்குகிற உருக்குச் சட்டமான செஸி ஒன்று. எஞ்சினுக்கும் உங்கள் கால்களுக்கும் நடுவில் நிற்கிற பல்க்ஹெட் என்ற உருக்குத் தடுப்பு மற்றது. இந்த இரண்டும் நல்லதென்றால் மற்றதெல்லாம் கழற்றிப் பூட்டுகிற சாமான். இந்த இரண்டும் போய்விட்டால் நீங்கள் பெயின்ட்டுக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள், நல்ல வெளிச்சத்தில். ஒரு டோர்ச், சின்னச் சுத்தியல், சின்னக் காந்தம், கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய துணி. அயர்ன் பண்ணின சட்டையோடு போகிறவர் வண்டிக்குக் கீழே படுக்கமாட்டார் என்பது விற்கிறவருக்கு நன்றாகத் தெரியும்.

செஸி பெட்டி வடிவக் குழாய் மாதிரியான அமைப்பு. உள்ளே தண்ணீரும் சேறும் தங்கி உள்ளிருந்துதான் அரிக்கும், வெளியில் துருவைத் தடுக்கப் பூசுகிற கருப்பு அண்டர்சீல் பளபளவென்று இருக்கும். ஆகவே கண்ணால் பார்த்தால் போதாது, தட்ட வேண்டும். முன் ஸ்பிரிங் பூட்டியிருக்கும் கொம்புப் பகுதி, பக்கவாட்டில் நீட்டி நிற்கிற தாங்கிகள், பெற்றோல் டாங்க் தொங்குகிற இடம், எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிற குறுக்குச் சட்டம். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்த இரும்பு தொப்பென்று சொல்லும், வித்தியாசம் தெரியாத காது கிடையாது. பழைய துருவின் மேல் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால் விளிம்பு தடிப்பாகத் தெரியும். ஒட்டுப் போட்டதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன், அறுபது வருட வண்டியில் ஒட்டு இருக்கத்தான் செய்யும். அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புது உருக்குப் போட்டிருக்கிறார்களா, மேலே மூடிவிட்டார்களா என்பதுதான் கேள்வி. அண்டர்சீல் ஈரம் காயாமல் புதிதாக இருந்தால், ஏன் இப்போது அடித்தீர்கள் என்று நேரே கேளுங்கள்.

பல்க்ஹெட்டில் பார்க்க வேண்டியது கால் வைக்கிற கிண்ணப் பகுதியின் மூலைகள், கதவுத் தூண்களின் அடி, கண்ணாடிக்குக் கீழே காற்று வருகிற மூடிகளின் ஓரம். அந்த மூடிகளின் ரப்பர் போனால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். மிதியடியைத் தூக்கிப் பாருங்கள், கையைக் கீழிருந்து விட்டுத் தடவிப் பாருங்கள். இங்கேதான் காந்தம் வேலை செய்யும்: உருக்கில் இறுக்கமாக ஒட்ட வேண்டியது தளர்ந்து நழுவினால் நடுவில் பட்டி கனமாக இருக்கிறது. மட்கார்டிலும் கதவுத் தகட்டிலும் காந்தம் ஒட்டவே கூடாது, அவை அலுமினியம். ஒட்டினால், அசல் தகடு போய் யாரோ உள்ளூர் உருக்குத் தகட்டில் செய்து பூட்டியிருக்கிறார்கள், அந்தத் தகடு கொழும்புக் காற்றில் கொஞ்ச நாளில் துருப்பிடிக்கும். ஆனால் கதவின் உள்சட்டமும் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள பலகையும் உருக்குத்தான், அங்கே ஒட்டினால் பயப்பட வேண்டாம். கதவின் அடியில் அலுமினியம் உருக்கைத் தொடுகிற இடத்தில் வெள்ளைப் பொடி பூத்துத் தகடு உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் வருகிற அரிப்பு அது, உப்புக் காற்று அதை விரைவாக்கும்.

நட்டு போல்ட் வரை கழற்றினேன் என்கிறாரே, அதைச் சோதிக்கிறது லேசு. சீட் பெட்டியைத் திறந்து உள்ளே பாருங்கள், தரைத் தகட்டுக்கு அடியில், டாஷ்போர்டுக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கேயும் அதே ஒழுங்கான பெயின்ட் இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். வயரிலும் ரப்பர் பீடிங்கிலும் பச்சைத் தூறல் விழுந்திருந்தால் டேப் ஒட்டிவிட்டு அடித்திருக்கிறார்கள். இந்த வண்டிகளின் பின் பொடியின், அதாவது வெளிக்கூட்டின், மேல்விளிம்பில் கல்வனைஸ் செய்த ஓரத் தகடு ஓடும், 2ஏ காலத்தில் அது பொதுவாகப் பெயின்ட் இல்லாமல் சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருக்கும். அதற்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் ஒன்றில் தெரியாமல் செய்திருக்கிறார், இல்லையென்றால் எதையோ மறைத்திருக்கிறார். அசல் லேண்ட் ரோவரின் கதவு இடுக்குகள் இன்றைய கார் மாதிரிச் சன்னமாக இருந்ததே இல்லை, தகடுகள் சற்று அலையாகத்தான் இருக்கும். மேற்பரப்பு எங்கும் மொழுமொழுவென்று, ஸ்பொட் வெல்டிங் புள்ளிகளும் ரிவெட் தலைகளும் காணாமல் போயிருந்தால் அது எனக்குப் பிடிக்காது. அவ்வளவு பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம், பள்ளமான ரோட்டில் அது வெடிக்கும்.

அடுத்தது, வண்டி அவர் சொல்கிற வண்டிதானா. செஸி இலக்கம் முன் வலது ஸ்பிரிங் தொங்குகிற இடத்தில் குத்தியிருக்கும், உள்ளே பல்க்ஹெட்டில் ஒரு தகட்டிலும் இருக்கும். 88 அங்குலம், பெற்றோல், வலது கை ஓட்டம், ஏற்றுமதிக்குச் செய்த 2ஏ என்றால் இலக்கம் 242 என்று தொடங்கும். 2ஏ ஓடிய காலம் 1961 முதல் 1971 வரை. மீற்றர்கள் டாஷ்போர்டின் நடுவில் இருக்க வேண்டும், சாரதிக்கு முன்னால் இருந்தால் அது 1971க்குப் பிந்திய சீரீஸ் 3இன் டாஷ்போர்டு. பழைய 2ஏயில் முன்விளக்குகள் கிரில்லோடு நடுவில் இருக்கும், 1968–69 அளவில்தான் மட்கார்டுக்கு மாறின. 1963 என்று சொல்லி மட்கார்டில் விளக்கு இருந்தால் மட்கார்டு வேறு வண்டியுடையது. இதெல்லாம் போல்ட்டில் பூட்டுகிற சாமான், மாறுவது சாதாரணம், மாறியதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் அசல் என்று சொல்லி அசல் விலை கேட்டால் அந்தத் துணுக்கையெல்லாம் எண்ணிக் கழியுங்கள்.

புத்தகத்தை, அதாவது பதிவுச் சான்றிதழை, கையில் வாங்கி இரும்பில் குத்தியிருக்கிற இலக்கத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். செத்துப்போன ஒரு வண்டியின் புத்தகத்தை வேறொரு வண்டிக்குப் போட்டு விற்கிற வேலை நம் ஊரில் புதிதல்ல. குத்தின இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் தடம், கிரைண்டர் தேய்த்த தடம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விவரப் பிரதி எடுத்துப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். பெயர் மாற்றாத ஓப்பன் பேப்பர் என்று யாரோ மூன்றாம் ஆளின் கையொப்பத்தோடு தந்தால், புத்தகத்தில் பெயர் இருக்கிறவரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

சரி, இனி ஓட்டிப் பாருங்கள். நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகத் தயங்குகிற வண்டி. 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின் முரட்டு உழைப்பாளி, ஒழுங்காகச் செய்திருந்தால் மெதுவாக, சீராக நின்று ஓடும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது, ஒயில் மூடியின் உள்பக்கம் வெண்ணிறக் களிம்பு இருந்தால் தண்ணீர் கலக்கிறது. ஈயம் கலந்த பெற்றோல் நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது, எஞ்சினைப் பிரித்துச் செய்தபோது வால்வு இருக்கைகளைக் கடினமான வகைக்கு மாற்றினார்களா என்று கேளுங்கள். உண்மையிலேயே எஞ்சின் பிரித்தவரிடம் அதற்கு ஒரு பதில் இருக்கும்.

2ஏயின் கியர் பொக்ஸில் மூன்றாம் நான்காம் கியருக்குத்தான் பற்களை உரசாமல் சேர்க்கிற சிங்க்ரோமெஷ், ஒன்றிலும் இரண்டிலும் இல்லை, அங்கே கிறீச்சென்று சத்தம் வந்தால் உங்கள் கால்தான் பழக வேண்டும். ஆனால் வேகத்தில் போய் அக்ஸிலரேட்டரை விட்டதும் கியர் தானாகக் கழன்று வந்தால் அது கியர் பொக்ஸ் வேலை, பெரிய செலவு. மஞ்சள் குமிழை அழுத்தி நான்கு சில்லு ஓட்டத்தையும் சிவப்புக் கம்பியை இழுத்து, மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு போகிற லோ ரேஞ்சையும் போட்டுப் பார்க்காமல் வராதீர்கள். தார் ரோட்டில் வேண்டாம், முன் பின் சில்லுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டி, மண் தரையில் செய்யுங்கள். முன் அக்ஸிலின் இரு முனையிலும் குரோம் பூசிய உருண்டைகள் இருக்கும், அவற்றில் துருப்பள்ளம் விழுந்து ஒயில் ஒழுகினால் உருண்டையையே மாற்ற வேண்டும், ஒயில் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கையை விட்டால் தானாக நடுவுக்குத் திரும்ப முயல வேண்டும். மரம் மாதிரி அப்படியே நின்றால் ஸ்டியரிங் அசைவைச் சில்லுகளுக்குக் கடத்துகிற ரிலே இறுகியிருக்கிறது. பிரேக் நான்கிலும் டிரம், ஒரு பக்கம் இழுக்காமல் நிற்கிறதா பாருங்கள். கடைசியாக, மத்தியானத்தில் பொரளைச் சந்தி நெரிசலில் கொண்டுபோய் நிறுத்துங்கள். கொழும்பில் வைத்திருக்கப்போகிற வண்டிக்கு அதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. வெப்ப மீற்றர் முள் அங்கேயும் அமைதியாக நின்றால் ரேடியேட்டர் வேலையை மனச்சாட்சியோடு செய்திருக்கிறார்கள்.

விலைக்கு வருகிறேன். விற்கிறவர் செலவழித்த தொகை உங்கள் விலை அல்ல. செஸியிலிருந்து பொடியைத் தூக்கி ஒழுங்காகச் செய்யும் வேலைக்குப் போகிற காசு விற்கும்போது முழுதாகத் திரும்பி வருவது அபூர்வம், அவர் விரும்பிச் செய்தார், அதில் ஒரு பங்கைத்தான் நீங்கள் சுமக்க வேண்டும். நான் கணக்குப் போடுகிற விதம் இது: அதே வகை வண்டி, செய்யாமல், ஆனால் ஓடுகிற நிலையில், நல்ல புத்தகத்தோடு என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று இரண்டு மூன்று உரிமையாளர்களிடம் விசாரியுங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கிற விலை, கொடுத்த விலையைக் கேளுங்கள். அதன் மேல், கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, பில்லாலும் படத்தாலும் உறுதியான வேலைக்கு மட்டும் கூட்டுங்கள். செஸி வெறுமையாக நிற்கிற படம், பல்க்ஹெட் வெட்டி ஒட்டின படம், எஞ்சின் பிரித்த படம், உதிரிப்பாகங்களின் பில், வேலை செய்த மெக்கானிக் பாஸின் தொலைபேசி எண். நல்ல வேலை செய்தவர் இவற்றைக் கேட்காமலே எடுத்துக் காட்டுவார், பழைய சாமான்களைக்கூடப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார். படமே இல்லை என்றால் அந்த வேலைக்கு என் கணக்கில் விலையும் இல்லை. பிறகு பழுதுகளை எழுதி, பேரம் பேசுவதற்கு முன்பே உங்கள் சொந்தப் பாஸிடம் காட்டி, ஒவ்வொன்றுக்கும் செலவு கேட்டுக் கழியுங்கள். பிரேக் ரப்பர், பேரிங், சீல் எல்லாம் பஞ்சிகாவத்தையில் தேடினால் அகப்படும். லீஃப் ஸ்பிரிங்கும் சைலன்சரும் இங்கேயே செய்யலாம். பல்க்ஹெட் துண்டுகளையும் செஸியையும் இங்கிலாந்திலிருந்துதான் எடுப்பார்கள், ஸ்டேர்லிங் பவுண் விலை, கப்பல், சுங்கம் என்று ஏறிக்கொண்டே போகும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அந்தக் கணக்கே வேறு.

இன்னொன்று, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கும் வரை ஓடுகிற எதற்கும் விலை ஏறிக் கிடந்தது. அந்தக் காலத்தில் யாரோ கொடுத்த விலையை வைத்து இன்று பேரம் பேச வந்தால் ஏற்காதீர்கள். ஸ்ரீ நம்பருக்கும் முதல் உரிமையாளரிலிருந்து தெளிவாக வருகிற புத்தகத்துக்கும் கூடக் கொடுப்பது நியாயம். புதுச் சீட்டுக்கும், செக்கர் பிளேட்டுக்கும், முன்னால் பூட்டிய எல்ஈடி விளக்கு வரிசைக்கும் நான் ஒன்றும் கூட்டமாட்டேன்.

நீங்கள் வெள்ளவத்தை என்பதால் சொல்கிறேன், மரைன் டிரைவ் பக்கம் திறந்த இடத்தில் நிறுத்தினால் செஸிக்குள் மெழுகு எண்ணெய் அடிக்காமல் வைக்காதீர்கள், கீழ்ப்பகுதியை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள். அடுக்குமாடியில் கீழ்த்தள பார்க்கிங் என்றால் நுழைவு உயரத்தை அளந்து பாருங்கள், கூரையோடு இந்த வண்டி ஏறத்தாழ 2 மீற்றர்.

கேள்வி: ஐயா, ஹட்டன் பக்கத்தில் தோட்டத்தில் வேலை பார்த்த அப்பாவின் பழைய லேண்ட் ரோவர் கொட்டகையில் நீண்ட காலமாக நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. உள்ளே துரு வந்தது ஒரு பக்கம், கதவில் தோட்டத்தின் பெயர் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. சித்தப்பா மகன் முழுசாகப் பெயின்ட் அடித்து விற்றால் இரட்டிப்பு விலை வரும் என்கிறான். ஒரு தரகர் அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். எது நல்லது?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, பெயின்ட் மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள். அந்தக் கதவு எழுத்து ஒருமுறை போனால் போனதுதான், எந்தப் பெயின்டராலும் திருப்பித் தர முடியாது. இந்த வண்டிகளைத் தேடுகிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் அசல் பெயின்ட்டுக்கும், மலைநாட்டுத் தோட்டத்தில் ஓடிய வரலாற்றுக்கும் கூடக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். அதோடு, பெயின்ட் அடிக்காத வண்டியில் எல்லாமே வெளிச்சமாகத் தெரியும், வாங்க வருகிறவருக்கு நம்பிக்கை வரும். உள்ளே இருக்கிற துருவை மறைக்காமல் காட்டி விற்கிற வண்டி உங்கள் பேரையும் காப்பாற்றும்.

முதல் வேலை புத்தகத்தைத் தேடுவது. யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாகின, பிறகு 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. இந்தக் கைமாற்றங்களுக்கு நடுவில் தோட்டத்து வண்டிகள் பலவற்றின் புத்தகம் பழைய கம்பனியின் பெயரிலேயே கிடக்கும். அப்பா விலைக்கு வாங்கியிருந்தால் அந்தக் கடிதம், பற்றுச்சீட்டு ஏதாவது பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் பெயரில்தான் இருக்கிறதென்றால் வாரிசு உரிமைப் பத்திரங்களை முடித்துவிட்டு விற்பது பற்றி யோசிக்கலாம். கடைசியாக எடுத்த வருமான அனுமதிப்பத்திரம், பழைய படங்கள், அப்பா பெற்றோல் கணக்கு எழுதிய கொப்பி ஏதாவது இருந்தால் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள், இவை விலையின் ஒரு பகுதி.

தரகர் வந்து பற்றரி பூட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன் என்றால் விடாதீர்கள். நீண்ட நாள் நின்ற எஞ்சினைத் திடீரென்று சுழற்றினால் காய்ந்த ரிங் சிலிண்டரைக் கீறிவிடும். பிளக் கழற்றி உள்ளே கொஞ்சம் ஒயில் விட்டு, சில நாள் ஊறவைத்து, முன்னால் கைப்பிடி போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும், சுற்றினால் எஞ்சின் உயிரோடிருக்கிறது. பழைய பெற்றோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும், பிரேக் ரப்பர் எல்லாம் மாற்றாமல் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. இந்தளவு செய்து, கழுவி, ஸ்டார்ட் ஆகிற நிலையில் காட்டினாலே தரகர் சொன்ன விலை மாறும். விற்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. இடமிருந்தால், கூரை நன்றாக இருந்தால், அப்பாவின் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: நான் பார்த்த லேண்ட் ரோவரில் ஜப்பான் டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். விற்கிறவர் அதையே பெரிய தகுதியாகச் சொல்கிறார். நண்பன் அசல் போய்விட்டது, பாதி விலைதான் என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகர், தெஹிவளை

பதில்: எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அசல் பெற்றோல் எஞ்சின் நகரத்துக்குள் லீற்றருக்கு ஐந்தாறு கிலோமீற்றர் தந்தால் பெரிய காரியம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவருக்கு அது கஷ்டமில்லை, மாதத்தில் இரண்டு முறை ஊருக்குப் போகிறவருக்குக் கட்டாது. ஆகவே ஓட்டுவதற்கு வாங்குகிறவருக்கு டீசல் மாற்றம் பயன்தான். சேர்த்து வைக்கிறவருக்கு அது குறை. ஆனால் விற்கிறவர்கள் சிலர் டீசலுக்கு ஒருமுறை, அறுபதுகளின் அசல் வண்டி என்பதற்கு மறுபடி ஒருமுறை என்று இரண்டு விலையும் கேட்பார்கள், அதைத்தான் ஏற்கக் கூடாது.

மாற்றிய எஞ்சினின் இலக்கம் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா? இதுதான் முதல் கேள்வி. ஏறவில்லையென்றால் அந்த வேலையை விற்கிறவரே முடித்துத் தரட்டும், காசு அதற்குப் பிறகு. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். எஞ்சின் தாங்கிகளைச் செஸியில் எப்படி வெல்டிங் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள், செஸியை வெட்டிக் குடைந்து வைத்திருந்தால் வேண்டாம். பழைய கியர் பொக்ஸும் பின் அக்ஸில் ஷாப்ட்டும் அசல் எஞ்சினின் இழுவைக்குச் செய்தவை, பெரிய டர்போ எஞ்சினை முன்னால் வைத்தால் ஷாப்ட் முறியும், கியர் பொக்ஸ் பல் போகும். அளவான சாதாரண டீசல் என்றால் நீண்ட நாள் வரும். கழற்றிய பெற்றோல் எஞ்சின் இன்னும் கராஜின் மூலையில் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். கிடந்தால் அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது இரண்டு வகை ஆளுக்கும் வண்டி பொருந்தும்.

கேள்வி: டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40 நல்லதா, லேண்ட் ரோவர் நல்லதா? அமெரிக்க ஏலத்தில் எஃப்ஜே40 போகிற விலையைக் காட்டி இங்கே ஒருவர் விலை கேட்கிறார்.
– வாசகர், வத்தளை

பதில்: எஞ்சினும் கியர் பொக்ஸும் டொயோட்டாதான் வலிமை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 3.9 லீற்றர் எஃப் எஞ்சின், 1975க்குப் பிறகு 4.2 லீற்றர் 2எஃப், இரண்டுமே லாரிக்குப் போட்டாலும் இழுக்கும், பெற்றோலும் அப்படித்தான் குடிக்கும். ஆனால் பொடி முழுக்க உருக்கு. வத்தளைக் கடற்காற்றில் பின் மூலைகள், கதவுக்குக் கீழ் ஓரம், தரை, கண்ணாடிச் சட்டத்தின் அடி என்று எல்லா இடமும் பார்க்க வேண்டும், இங்கே காந்தம் எங்கும் இறுக்கமாக ஒட்ட வேண்டும். அமெரிக்க ஏல விலை அங்கே டொலரில் சம்பாதித்து அங்கே ஓட்டுகிறவர்களின் விலை. உங்கள் வண்டியை வாங்கப்போகிற அடுத்த ஆள் கொழும்பில்தான் இருக்கிறார், அவர் கொடுக்கக்கூடியதுதான் விலை.

கேள்வி: 1942 வில்லிஸ் போர் ஜீப் என்று ஒன்றைக் காட்டினார்கள். பச்சைப் பெயின்ட், வெள்ளை நட்சத்திரம், எல்லாம் இருக்கிறது. உண்மையா என்று பார்க்க வழி உண்டா?
– வாசகர், கல்கிசை

பதில்: நட்சத்திரத்தை யாரும் அடிக்கலாம். முன் கிரில்லில் துவாரங்களை எண்ணுங்கள்: போர்க்காலத்துத் தகட்டுக் கிரில்லில் ஒன்பது, போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு வந்த சிஜே வகையில் ஏழு. போர் ஜீப்புக்குப் பின்பக்கம் திறக்கிற கதவு கிடையாது, பின்பக்கத் தகடு ஒரே துண்டு, சிஜேயில் திறக்கும். போர் ஜீப்பின் முன்விளக்குகள் சிறியவை, கிரில்லுக்குள் உள்வாங்கியிருக்கும், இரவில் எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டப் பின்னால் மடக்கலாம். பொனட் உயரமாக, முகம் நிமிர்ந்து நின்றால் அது சிஜே3பி குடும்பம், அதை இந்தியாவில் மஹிந்திராவும் ஜப்பானில் மிட்சுபிஷியும் நீண்ட காலம் செய்தார்கள். அவையும் நல்ல வண்டிகள், ஆனால் விலை வேறு.

எல்லாம் பொருந்தினால் கீழே குனிந்து ரேடியேட்டருக்கு அடியில் செஸியின் முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். வட்டக் குழாய் என்றால் வில்லிஸ் எம்பி. கவிழ்த்த தொட்டி வடிவம் என்றால் அதே ஜீப்பை ஃபோர்ட் கம்பனி செய்த ஜிபிடபிள்யூ, அப்படியென்றால் போல்ட் தலைகளிலும் சின்னச் சின்னச் சாமான்களிலும் எஃப் எழுத்துக் குத்தியிருக்கும். இரண்டும் போர் ஜீப்தான், மதிப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஃபோர்ட் செஸியில் வில்லிஸ் பொடி, சிஜே எஞ்சின் என்று கலந்திருந்தால் 1942 என்ற ஆண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள், ஓடுகிற ஒரு பழைய ஜீப்புக்கு உரிய விலையைக் கொடுங்கள்.

கேள்வி: செய்த பழைய ஜீப்புக்கு முழுக் காப்புறுதி கிடைக்குமா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: வாங்குவதற்கு முன் கேளுங்கள், வாங்கிய பிறகு கேட்காதீர்கள். பழைய வண்டி என்றதும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் தருகிற கம்பனிகள் உண்டு. முழுக் காப்புறுதி தர முன்வந்தால் விபத்தின்போது சந்தை விலை தருவோம் என்ற வாசகத்தோடு விடாதீர்கள். இந்த வண்டிகளுக்குச் சந்தை விலை என்று அவர்கள் கையில் இருக்கிற பட்டியல் உதவாது. மதிப்பீட்டாளரின் அறிக்கை, வேலை நடந்த படங்கள், பில்கள் எல்லாவற்றையும் கொடுத்து, ஒப்புக்கொண்ட ஒரு தொகையைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். வெள்ளத்துக்கும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், 2016இல் களனி கங்கை கரை புரண்டு வந்ததை மட்டக்குளியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.